பினாங்குக் காற்றில் சங்கிலிக் கவசம் துருப்பிடிக்காமல் இருக்க

கடற்காற்று, புழுக்கம், போதாக்குறைக்கு வியர்வை. வியர்வையில் இருக்கும் உப்புதான் இரும்புக்கு முதல் எதிரி. வாள்சண்டைப் பயிற்சி முடிந்ததும், சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த இந்தக் கவசத்தை அப்படியே பைக்குள் சுருட்டி வைத்தால், அக்குள் பக்கத்து வளையங்களில் சீக்கிரமே செம்பழுப்புப் பொடி படிந்துவிடும்.

உள்ளே போடும் மெத்தை அங்கியை முதலில் தனியாகக் காயப்போடுங்கள். ஈரமெல்லாம் அதில்தான். கவசத்தை நல்ல தண்ணீரில் அலசி, விசிறிக்கு முன்னால் விரித்து, அவ்வப்போது குலுக்கிவிடுங்கள். வளையங்கள் உரசும் இடத்தில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தேய்த்தால் போதும். வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெய் தடவாதீர்கள். நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும்.

ஏற்கெனவே துரு ஏறிவிட்டதா? இடைக்கால ஐரோப்பாவில் மணல் போட்ட பீப்பாயில் கவசத்தை இட்டு உருட்டினார்கள். நமக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி போதும். மணல் காய்ந்திருக்க வேண்டும். பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் அள்ளி வராதீர்கள், அதில் உப்பு! உருட்டி முடித்ததும் மணலை உதறிவிட்டு உடனே எண்ணெய் தடவுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கவசத்தில் இந்தத் தொல்லை குறைவுதான். ஆனால் அந்தப் பளபளப்பு, என் கண்ணுக்கு எவர்சில்வர் பாத்திரம் மாதிரியே தெரிகிறது.

தோல் வார்களைக் கழற்றித் தனியே காற்றாட மாட்டுங்கள். பூஞ்சை பிடித்தால் வாடை லேசில் போகாது.