மனந்திரும்பிய பிறகு எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவனாயிருந்த சகேயு, காட்டத்தி மரத்திலிருந்து இறங்கி இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்று, கண்ணீரோடு நெடுநேரம் ஜெபித்ததாக லூக்கா எழுதவில்லை. அவன் எழுந்து நின்று கணக்குச் சொன்னான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது எதுவானாலும் அது ‘நாலத்தனையாக’ உரியவருக்கு. சபையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கும் நம்மில் பலர் குடியை விட்டதையும் புகையை விட்டதையும் சொல்லுகிறோம். தங்கைக்குச் சேரவேண்டிய பங்கை எழுதிக் கொடுத்ததைச் சொல்லுகிறவர்களை நான் அதிகம் கேட்டதில்லை. விசுவாசம் கீழ்ப்படிதலாக மாறும் வழிகளில் மிகப் பழையதும் இன்று மிகவும் கைவிடப்பட்டதுமான இந்த ஒன்றை எப்படிச் செய்வது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரிசையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சகேயு கொடுத்ததால் இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை; அவர் வந்ததால்தான் அவனுக்குக் கொடுக்கத் தோன்றிற்று. மன்னிப்பை விலைக்கு வாங்குவதாக நினைத்துக் கொடுக்கிறவன் பேரம் பேசத் தொடங்குவான். எவ்வளவு குறைத்துக் கொடுத்தால் போதும் என்று பார்ப்பான். மன்னிக்கப்பட்டவனோ, சகேயுவைப் போல, கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவான். உங்கள் மனம் இன்னும் பேரத்தில் இருக்கிறதென்றால், பட்டியல் போடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, சில நாள் சுவிசேஷத்தையே திரும்ப வாசிப்பது நல்லது.

அதன்பின் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு தனியாக உட்காருங்கள். யாருக்கு, எதை, எப்போது என்று மூன்று பத்திகள் போதும். ‘நான் சுயநலக்காரனாக இருந்தேன்’ என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை; அப்படி எழுதுகிறவன் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ‘1998இல் அத்தையின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன், அது மூழ்கிப்போயிற்று, பஸ்ஸில் திருடு போனதாகச் சொன்னேன்’ என்பதுதான் பட்டியலில் எழுதத்தக்க வரி. எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். நம்பிக் கொடுத்து வைத்த பொருள், பலவந்தமாய்ப் பறித்தது, ஏமாற்றி வாங்கியது, கண்டெடுத்தும் இல்லையென்று மறைத்தது, பொய்யாணை என்று அங்கே வகை வகையாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது.

இவற்றில் முதல் வகையே விசுவாசிகளிடம் அதிகம் அகப்படுகிறது என்பது என் அனுபவம், ஏனென்றால் விசுவாசி என்பதால்தான் நம்பிக் கொடுக்கிறார்கள். 1907 ஜனவரியில் கொரியாவின் பியோங்யாங் நகரில் நடந்த எழுப்புதல் கூட்டங்களில் கில் சன் ஜூ என்ற மூப்பர் எழுந்து, கர்த்தருக்கென்று விலக்கப்பட்டதைத் திருடி மறைத்த வேதாகமத்து ஆகான் தானே என்று சபை முன்பாக அறிக்கையிட்டார். இறக்கும் தறுவாயில் இருந்த நண்பர் ஒருவர், தன் மனைவிக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் ஒப்படைத்திருந்தார். அதிலிருந்து நூறு டாலர் மதிப்புள்ள பணத்தை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அதை அந்த விதவையிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதாக அங்கேயே சொன்னார். அதே ஆண்டில் போதகராக அபிஷேகம் பெற்ற முதல் ஏழு கொரியப் பிரஸ்பித்தேரியரில் அவரும் ஒருவர். கொரியாவின் எழுப்புதலைப் பற்றிப் பேசுகிற நாம் அதிகாலை ஜெபத்தைத்தான் அங்கிருந்து எடுத்துக்கொண்டோம்; விதவைக்குப் போன நூறு டாலரைப் பற்றிப் பேசுவதில்லை.

பத்து வயதில் பறித்த மாங்காயெல்லாம் பட்டியலில் வந்து நிற்குமானால், அது மனச்சாட்சியின் வேலையா, அச்சத்தின் வேலையா என்று பார்க்க வேண்டும். முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் நோட்டைக் காட்டுங்கள். தேவையற்ற வரிகளை அவரே அடித்துவிடுவார்.

அடுத்தது கணக்கு. மோசேயின் நியாயப்பிரமாணம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லுகிறது. திருடிய ஆட்டை அடித்துவிட்டாலோ விற்றுவிட்டாலோ ஓர் ஆட்டுக்கு நாலு ஆடு என்கிறது யாத்திராகமம். கிறிஸ்தவர்கள் இந்த விகிதங்களுக்குச் சட்டப்படி கட்டுப்பட்டவர்கள் அல்ல என்றாலும், எடுத்த தொகையை மட்டும் கொடுத்தால் நியாயமாகாது என்ற அறிவு அவற்றில் இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஐயாயிரத்தை இன்று ஐயாயிரமாகவே நீட்டினால், நீங்கள் இரண்டாம் முறை எடுக்கிறீர்கள். நகையானால் பணமாகக் கணக்குப் பார்க்கவே வேண்டாம். அத்தையின் சங்கிலி இரண்டு பவுன் என்றால், இன்றைய விலை எதுவானாலும், இரண்டு பவுனாகவே அது திரும்ப வேண்டும்.

அரசாங்கத்துக்கும் பொதுத்துறைக்கும் கொடுக்க வேண்டியதில் ஆளைத் தேடுவதுதான் கடினம். கல்லூரி நாட்களில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே பதினொரு முறை டிக்கெட் இல்லாமல் ரயிலில் போயிருக்கிறேன். நம் சபைகளில் வழக்கமாகச் சொல்லப்படுகிற யோசனையின்படி, டிக்கெட் வாங்கிக் கிழித்துப் போடலாம் என்று நிலையத்துக்குப் போனேன். பதினொரு டிக்கெட் கேட்டதும், நாலு, நாலு, மூன்று என்று மூன்று சீட்டுகளாக அடித்துக் கொடுத்த கவுன்டர் ஊழியர், “கல்யாண வீடா சார்?” என்று கேட்டார். “ஆமாம்” என்றேன். வெளியே வந்து சீட்டுகளைக் கிழித்துப் போட்ட பிறகுதான், களவைச் சரிசெய்ய வந்த இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. அன்றிரவே நோட்டில் ஒரு வரி கூடிற்று.

ஆளிடம் நேராகப் போகும்போது பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். பழம் தட்டோடு போய் ஒரு மணிநேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லுவது நம் வழக்கம், அது வேண்டாம். “அத்தை, உங்கள் சங்கிலி திருடு போகவில்லை. நான்தான் அடகு வைத்தேன். உங்களிடம் பொய் சொன்னேன். இதோ இரண்டு பவுன். என்னை மன்னியுங்கள்” என்று உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும். ‘ஆனால்’ என்ற சொல் அதில் வரக்கூடாது. அப்போது என் நிலைமை அப்படி, வீட்டில் வேறு வழியில்லை என்ற விளக்கங்களும் வரக்கூடாது. அவர் கேட்டால் சொல்லலாம். அவர் அழுதாலும் திட்டினாலும், அப்போது வசனம் சொல்லி அடக்கப் பார்க்காதீர்கள். மன்னிப்பது விசுவாசியின் கடமை என்று எடுத்துக்காட்டும் உரிமை, தவறு செய்தவருக்குக் கிடையாது.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும் என்பதும் தவறு. குடியிலிருந்து மீள விரும்புகிறவர்களுக்காக 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, தீங்கிழைக்கப்பட்டவர்களின் பட்டியலைப் போடுவது. ஒன்பதாவது, அவர்களிடம் நேரடியாக ஈடுசெய்வது, அதனால் அவர்களுக்கோ பிறருக்கோ கேடு வருமானால் தவிர. இந்த விதிவிலக்கு மிக முக்கியமானது. உங்கள் நெஞ்சு லேசாக வேண்டும் என்பதற்காக மற்றொருவர் குடும்பத்தில் தீ வைக்க உங்களுக்கு அனுமதியில்லை. இன்னொருவர் பெயரும் சேர்ந்து வெளிவரக்கூடிய காரியங்களில் போதகரிடமோ நம்பத்தக்க மூத்தவரிடமோ பேசாமல் ஓர் அடியும் எடுத்துவைக்க வேண்டாம். கத்தோலிக்கராயிருந்தால், ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவரிடம் இதைப் பேசி, தம்மை அடையாளம் காட்டாமலே பொருளை உரியவரிடம் சேர்ப்பிக்க வழி உண்டு. ஆனால் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைச் சபைக்குள்ளே ஜெபித்து முடித்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைப்பதே குற்றம். அங்கே கீழ்ப்படிதல் என்பது சட்டத்தின் முன் போய் நிற்பதுதான்.

கொடுக்க வேண்டியவர் இறந்துபோயிருந்தால் அவருடைய வாரிசுக்குக் கொடுங்கள். நெருங்கிய உறவினரும் இல்லாதபோது அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும் என்று எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் வழி வைத்திருக்கிறது. இன்று அதை ஏழைகளுக்கான நிதியில் சேர்க்கலாம். ஆனால் வாரிசைத் தேடுவது சிரமம் என்பதற்காகக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவது குறுக்குவழி. கையில் பணமே இல்லாதவர் தவணையாகக் கொடுக்கலாம். மாதம் ஐந்நூறு என்றாலும் தேதி தவறாமல் போகட்டும். திருடினவன் இனித் திருடாமல், இல்லாதவனுக்குக் கொடுக்கத்தக்கதாகத் தன் கைகளால் பாடுபட வேண்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியது இந்த நெடிய உழைப்பையும் சேர்த்துத்தான்.

பதில் வராமலும் போகலாம். ஃபிராங்க் புக்மன் என்ற அமெரிக்க லுத்தரன் போதகர், தாம் நடத்திய விடுதியின் நிர்வாகக் குழுவினர் ஆறு பேர்மீது தீராத கசப்போடு வேலையை விட்டு இங்கிலாந்துக்குப் போயிருந்தார். 1908இல் கெசிக் நகரத்துச் சிற்றாலயம் ஒன்றில் ஜெசி பென்-லூயிஸ் என்ற பெண் பிரசங்கியார் சிலுவையைப் பற்றிப் பேசியதைக் கேட்டு உடைந்து, அந்த ஆறு பேருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை. எனினும் தம் வாழ்க்கை திரும்பியது அந்த நாளில்தான் என்று அவர் கடைசிவரை சொல்லிவந்தார். பிற்பாடு அவர் தொடங்கிய ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்துதான் மேலே சொன்ன பன்னிரண்டு படிகளின் கருத்துகள் பெரும்பாலும் வந்தன. உங்கள் அத்தை சங்கிலியை வாங்கிக்கொண்டு, உங்களை மறுபடியும் வீட்டுக்கு வரச் சொல்லாமலிருக்கலாம். அது அவர் உரிமை. நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டீர்கள்.

செய்து முடித்ததும் அடுத்த ஞாயிறே சாட்சியாகச் சொல்ல வாய் துடிக்கும். குறைந்தது ஓராண்டு பொறுங்கள். அத்தையின் சங்கிலிக் கதையை அவரைக் கேட்காமல் மேடையில் சொன்னால், அவருக்குச் சொந்தமான ஒன்றை மறுபடியும் எடுத்துக்கொள்கிறீர்கள். நோட்டில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வாருங்கள். சில வரிகள் முடிய ஆண்டுகள் ஆகும். எல்லாம் முடிந்த பிறகு அதை அலமாரியில் நினைவுச்சின்னமாக வைத்திருக்க வேண்டாம், கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். அதில் இருப்பவை உங்கள் பாவங்கள் மட்டுமல்ல, பிறருடைய பெயர்களும்கூட. என்றாவது பிள்ளைகள் கையில் அகப்படும்.