கொலராடோ எல்க் வேட்டை: என் அனுபவம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செப்டம்பர் முழுக்க எல்க் மான்கள் மேயும் புல்வெளி, ரைஃபிள் சீசன் (துப்பாக்கி வேட்டைக்கான பருவம்) திறந்ததும் காலியாகிவிடும். வண்டிச் சத்தம் கேட்டதுமே அவை காட்டுக்குள் ஏறிவிடுகின்றன. பொது நிலம் என்பதால் கூட்டமும் அதிகம். எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுச் சட்டை வேட்டைக்காரர்கள்.

சரி, வரைபடத்தை விரித்தேன். வொயிட் ரிவர் தேசிய வனத்தில் வண்டித் தடங்களைக் குறித்து, அவற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வரும் இடங்களை ஒதுக்கினேன். மிச்சத்தில் வடக்குச் சரிவின் அடர்ந்த ஸ்புரூஸ் (ஊசியிலை மரம்) காடுகளைத் தேர்ந்தெடுத்தேன். எல்க் பகலில் படுப்பது அங்கேதான்.

அப்புறம் காற்று. என் வாடை எல்க்கிடம் போய்விடக் கூடாது. மலையில் விடியற்காலைக் காற்று கீழே இறங்கும். வெயில் ஏறினால் மேலே திரும்பும். சின்ன டப்பாவில் டால்கம் பவுடர், அடிக்கடி ஒரு பிதுக்கு. பவுடர் சரிவோடு இறங்கி, ஒரு கணம் தயங்கி, மேலே திரும்பும் நேரம் வந்தால் நானும் சுற்றிக்கொண்டு மேல்பக்கம் போய்விடுவேன்.

அப்படித்தான் ஒரு ஆண் எல்க் சிக்கியது. அந்தப் பகுதி விதிப்படி ஒரு கொம்பில் 4 முனையோ, 5 அங்குல நெற்றிக்கிளையோ (கொம்பின் அடியில், நெற்றிக்கு மேலே முளைக்கும் கிளை) வேண்டும். தொலைநோக்கியில் எண்ணிய பிறகே விசையில் விரல் வைத்தேன்.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான். வளர்ந்த ஆண் 300 கிலோ வரும். நான்கு கால்களையும் தனியாகப் பிரித்து, துணிப்பையில் கட்டி, நிழலில் தொங்கவிட்டு, நடை நடையாகச் சுமந்தோம். ஆண் என்பதற்கான அடையாளம் (விதைப்பை போன்றது) இறைச்சியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம், அவசரத்தில் அறுத்தெறிந்துவிடாதீர்கள்.