2147483647-ஐச் சோதிக்கும்போது சறுக்கும் இடங்கள்

பகா எண்ணா இல்லையா என்று பார்க்க நிரல் எழுதி வைத்திருப்பவர்கள், அதை 2147483647 என்ற எண்ணில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் முதலில் ஜாவாவில் எழுதியது சில நொடிகள் யோசித்துவிட்டு, 'பகா எண் அல்ல' என்று சொன்னது. இது பகா எண்தான் என்று 1772-லேயே கணித மேதை ஆய்லர் கணினி இல்லாமலே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்!

கோளாறு லூப்பின் நிபந்தனையில் இருந்தது. வகுக்கும் எண்ணின் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டும் வரை ஓடு என்று எழுதியிருந்தேன். ஆனால் 2147483647 என்பது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. ஜாவாவில் முழு எண்களை வைக்கும் இன்ட் (int) மாறியில் அடங்கும் மிகப் பெரிய எண்ணும் அதுவேதான். 46340-இன் வர்க்கம் 2147395600, அது அடங்கிவிடும். 46341-இன் வர்க்கம் அடங்காது, சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். இன்ட்டில் இருக்கும் எதுவும் 2147483647-ஐத் தாண்ட முடியாதே, லூப் எப்படி நிற்கும்? ஓடி ஓடிக் கடைசியில் எண்ணை அதே எண்ணால் வகுத்து, மீதி பூஜ்யம் வந்ததும் வகுபட்டுவிட்டது என்கிறது. வர்க்கத்தை, இன்னும் பெரிய எண்கள் அடங்கும் லாங் (long) மாறியில் கணக்கிட்டால் சரியாகிவிடும்.

சிலர் எண்ணின் பாதி வரை வகுத்துப் பார்ப்பார்கள். அது வீண் வேலை, வர்க்கமூலம் வரை போதும். ஆய்லர் அதையும் குறுக்கினார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும். 46340-க்குள் இருக்கும் 4792 பகா எண்களில் எண்பது சொச்சம்தான் அதில் தேறும்.

அடுத்தது, 31 பகா எண், அதனால் 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தாலும் பகா எண்தான் என்ற நினைப்பு. 11-ஐ வைத்துப் பாருங்கள்: 2047 வரும், அது 23 × 89. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண் என்பது மட்டுமே உறுதி.

சரி, ஃபெர்மா சோதனை போடலாமே என்பார்கள். அதாவது, ஓர் அடிமான எண்ணை, நம் எண்ணில் ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. 2-ஐ அடிமானமாக வைத்து இங்கே அதைப் போடாதீர்கள். 2-இன் பகா அடுக்கில் ஒன்று குறைவான எண்கள் எல்லாமே அதில் பாஸ் ஆகிவிடும், 2047 உட்பட.

இவற்றுக்கென்றே லூக்கா-லேமர் சோதனை இருக்கிறது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 31-ஆம் அடுக்குக்கு இதை 29 தடவை செய்து பூஜ்யம் வந்தால் பகா எண். 7 என்பது 2-இன் 3-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அதற்கு ஒரே தடவை: 4-இன் வர்க்கம் 16, இரண்டு போக 14, மீதி பூஜ்யம். 2024-இல் கண்டுபிடித்த, நான்கு கோடிக்கும் மேல் இலக்கங்கள் கொண்ட 2-இன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண்ணையும் கடைசியில் இந்தச் சோதனையால்தான் உறுதி செய்தார்கள். இங்கேயும் வர்க்கத்தை இன்ட்டில் போட்டுவிடாதீர்கள், 62 பிட் வரை போகும்.