கப்பலிலிருந்து கரை இறங்கும் முன்: யாரிடம் எதைக் கேட்பது?

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களின் விளம்பரங்களில் ‘கோலாலம்பூர்’ என்றும் ‘பாங்காக்’ என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் கப்பல் அந்த ஊர்களுக்குப் போவதே இல்லை. கோலாலம்பூர் என்று சொல்லப்படுவது போர்ட் கிள்ளான் என்னும் துறைமுகம். அதிலும் பயணிகள் முனையம் இருப்பது பாலத்தால் இணைக்கப்பட்ட புலாவ் இண்டா என்னும் தீவில். பாங்காக் என்று சொல்லப்படுவது அந்நகரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தள்ளியுள்ள லேம் சபாங். கரை இறங்கி ஊர் சுற்றுவது குறித்துப் பயணிகள் கேட்டு வாங்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே பழுதாகிவிடுகிறது. “கோலாலம்பூரில் ஒரு நாள் இருக்கிறது, என்ன பார்க்கலாம்?” என்று கேட்டால், அங்கே விடுதி எடுத்து நிதானமாகத் தங்கியவர்கள்தான் பதில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பொய் எதுவும் இருக்காது. உங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

கோலாலம்பூரிலிருந்து போர்ட் கிள்ளான் வரை கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் ஓடுகிறது என்ற தகவலையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் ஓடுவது உண்மைதான். ஆனால் அந்த நிலையம் ஊருக்குள் இருக்கிறது. கப்பல் நிற்கும் தீவிலிருந்து அங்கே செல்லவே தனியாக வண்டி பிடிக்க வேண்டும். ரயிலை நம்பி இறங்கியவர்கள் முனையத்தின் வாசலில்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். இதற்கு நேர்மாறானது பினாங்கு. அங்கே கப்பல் சுவெட்டன்ஹம் துறையில், ஜார்ஜ் டவுனை ஒட்டியே நிற்கும். கார்ன்வாலிஸ் கோட்டை, லிட்டில் இந்தியா, குயின் தெருவிலுள்ள மகா மாரியம்மன் கோயில் ஆகிய எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். ஆகவே ஒரே பயணத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு துறைகளுக்கு ஒரே ஆலோசனையைப் பின்பற்றுவது தவறு. கேள்வியில் ஊரின் பெயருக்குப் பதிலாகத் துறையின் பெயரையும், கப்பல் வந்து சேரும் நேரத்தையும், புறப்படும் நேரத்தையும், அன்றைய கிழமையையும் குறிப்பிடுங்கள். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களின் இணைப்புப் பாலத்துக்குத் திங்கட்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை என்பது போன்ற செய்திகள் கிழமையைச் சொன்னால்தான் பதிலில் வரும்.

கப்பலிலுள்ள கரைச் சுற்றுலா மேசையைத் தகவல் நிலையம் என்று எண்ணுவது பரவலான தவறு. அது ஒரு விற்பனை மேசை. பினாங்கில் நடந்தே போகலாம் என்று அங்கே இருப்பவர் தாமாக முன்வந்து சொல்வார் என எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதற்காக அந்த மேசையை முற்றிலும் ஒதுக்குவதும் சரியன்று. அங்கே விலை கூடுதலாக இருப்பதற்குப் பதிலாகக் கிடைப்பது ஓர் உறுதிமொழி: கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவின் பேருந்து தாமதமானால், பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், காத்திருக்க முடியாமல் போனால், பயணிகளை அடுத்த துறைக்குக் கொண்டுசேர்ப்பதை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். தனியாகப் போனவருக்கு இந்த இரண்டும் இல்லை. எனவே லேம் சபாங்கிலிருந்து பாங்காக் போன்ற தொலைவுகளுக்கு அந்தக் கூடுதல் விலை கொடுக்கத் தக்கது. ஜார்ஜ் டவுனுக்கு அது வீண் செலவு.

அங்கே வாங்குவதென்றாலும் விவரத் தாளை வரி விடாமல் படிக்க வேண்டும். ‘ஒன்பது மணி நேரச் சுற்றுலா’ என்றால் அதில் போக வர நான்கு மணி நேரத்துக்கு மேல் பேருந்திலேயே கழியலாம். மதிய உணவும், நகைக்கடை ஒன்றில் கட்டாய நிறுத்தமும் போக எஞ்சுவது எவ்வளவு என்று கேளுங்கள். ‘உள்ளே சென்று பார்த்தல்’, ‘வெளியில் நின்று பார்த்தல்’, ‘வழியில் காணுதல்’ ஆகிய மூன்றும் வேறு வேறு. மூன்றாவது என்றால் பேருந்து நிற்காது. கரீபியன், அலாஸ்கா பக்கக் கப்பல்களில் ‘துறைமுக உரை’ என்ற பெயரில் நடப்பதில் பெரும்பங்கு விளம்பரப் பணம் கொடுத்த கடைகளின் பட்டியல். அதைச் சுற்றுலா ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது நேரக் கணக்குதான். சிங்கப்பூர், மலேசியா நேரத்துக்குத் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்தங்கியது. சில கப்பல்கள் தாய்லாந்திலும் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும். கையிலுள்ள கைப்பேசியோ கரைச் சிக்னல் கிடைத்தவுடன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். பூக்கெட்டில் உள்ளூர் வழிகாட்டி “ஐந்து மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்” என்று சொன்னால், அந்த ஐந்து கப்பலின் கடிகாரத்தில் ஆறு. அவர் உங்களை ஏமாற்றவில்லை. அவருடைய நேரத்தைச் சொல்கிறார். ஆகவே இறங்கும் முன் ‘கப்பல் நேரமா, உள்ளூர் நேரமா’ என்பதை வரவேற்பு மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பல் புறப்படும் நேரத்தை, எல்லோரும் திரும்பியிருக்க வேண்டிய நேரத்தோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. இரண்டாவது நேரம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை முன்னதாக இருக்கும்.

போர்ட் கிள்ளானில் காலை எட்டுக்கு வந்து மாலை ஐந்துக்குப் புறப்படும் கப்பலிலிருந்து பத்துமலை போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வர ஒன்பதாகும். நான்கு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். போக்குவரத்து நெரிசலுக்காக ஒன்றரை மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்தால், இரண்டரைக்குள் முனையத்துக்கு வந்துவிடுவதுதான் திட்டமாக இருக்க வேண்டும். நடுவில் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். போக வர மூன்று மணி நேரத்தைக் கழித்தால் மிச்சம் இரண்டரை. 272 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு ஓர் இளநீர் குடிக்க இது தாராளமாகப் போதும். அதோடு இரட்டைக் கோபுரத்தையும் சென்ட்ரல் மார்க்கெட்டையும் சேர்த்து ‘எளிதாக முடித்துவிடலாம்’ என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்.

கப்பல் காத்திருக்கும் என்று நம்புவது எங்கே கொண்டுவிடும் என்பதற்கு 2024 மார்ச் மாதம் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் நடந்தது சான்று. தனியார் சுற்றுலா சென்று தாமதமாகத் திரும்பிய எட்டுப் பேர், கரையோரக் காவல் படகில் ஏறி நங்கூரமிட்டிருந்த கப்பலருகே சென்றும் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் பல நாடுகளைக் கடந்து செனகல் நாட்டின் டாக்கரில்தான் மீண்டும் கப்பலேறினார்கள்.

பழைய அனுபவங்களை நம்புவது இன்னொரு பிழை. தாய்லாந்தின் பீபீ தீவுகளிலுள்ள மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைவதில்லை. தீவின் பின்புறத்தில் இறக்கிவிடுகிறார்கள். நீந்தவும் தடை உண்டு. ‘படகிலிருந்தே குதித்து நீந்தினோம்’ என்று எழுதியவர் மூடப்படுவதற்கு முன் போனவர். படித்த உடனே தேதியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மாதத்தையும் பார்க்க வேண்டும். பூக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகில்தான் பயணிகளை இறக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளித்தால் இறங்குவது தாமதமாகலாம், ரத்தும் ஆகலாம். ஜனவரியில் போனவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

ஆலோசனை சொல்பவரின் கடவுச்சீட்டு எது என்பதையும் நம்மவர்கள் கேட்பதில்லை. சிங்கப்பூர்க் குடிமகன் “எங்கேயும் விசா தேவையில்லை” என்று சொன்னால் அது அவருக்குப் பொருந்தும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சிங்கப்பூரில் கப்பலேறித் திரும்பி வருவது மீண்டும் ஒரு நுழைவாகக் கணக்காகும் என்பதால், பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வியட்நாமில் அவருக்கு விசா தேவை. இதைக் கப்பல் நிறுவனத்திடம், உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதைச் சொல்லி, எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குவது நல்லது.

தனியார் சுற்றுலாக்காரரிடம் முன்பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேட்டால் அவருடைய தரம் தெரிந்துவிடும்: “கப்பல் அந்தத் துறைக்கு வராமலே போய்விட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?” வானிலை காரணமாக ஒரு துறையைத் தவிர்க்கும் உரிமை கப்பல் தலைவருக்கு எப்போதும் உண்டு. கப்பல் பயணிகளோடு பழகிய நிறுவனம் தயங்காமல் ஆம் என்று எழுதித் தரும். கப்பலின் பெயரையும் அது திரும்பும் நேரத்தையும் தாமே கேட்கும். அவற்றைக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்பவரிடம் பதிவு செய்ய வேண்டாம்.