ஜெர்மனியில் குடியிருப்பு அட்டை முடியப் போகிறதா? புதுப்பிக்கும் வழி, படிப்படியாக

போன வருடம் ஒரு நாள் இரவு, தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, கார்டு தேதி முடிஞ்சு நாலு நாள் ஆச்சு. டெர்மின் கிடைக்கும்னு காத்துக்கிட்டே இருந்துட்டேன்" என்றார். டெர்மின் என்றால் அலுவலகத்தில் நேரில் வர ஒதுக்கும் நேரம். வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, வரி கட்டுகிறார். ஒரு குறையும் இல்லை. விண்ணப்பம் மட்டும் போகவில்லை. அவரைப் போல இன்னொருவர் தவிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புது அட்டை எப்போது கையில் கிடைக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. பழைய அட்டை முடிவதற்குள் விண்ணப்பத்தைச் சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. அப்படிச் சேர்த்துவிட்டால், வெளிநாட்டவர் அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய அனுமதி தொடர்வதாகக் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு சொல்கிறது. வேலை செய்யும் உரிமையும் அதோடு சேர்ந்தே தொடரும்.

முதல் படி: பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

அட்டையைப் பொதுவாகப் பாஸ்போர்ட் செல்லுபடியாகும் தேதியைத் தாண்டித் தர மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் எட்டு மாதம்தான் மீதி என்றால் புது அட்டையும் எட்டு மாதத்துக்கே வரலாம். அப்புறம் மறுபடியும் கட்டணம், மறுபடியும் அலைச்சல். இந்திய பாஸ்போர்ட் என்றால் பெர்லின் தூதரகம், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மூனிக் துணைத் தூதரகங்களில் நீங்கள் வசிக்கும் ஜெர்மன் மாநிலம் எதன் கீழ் வருகிறதோ அதன் வழியாக முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டையும் கொண்டு போக வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: தாள்களைச் சேருங்கள்

மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். வேலை பார்ப்பவர்களுக்குப் பொதுவாகக் கேட்பவை: பாஸ்போர்ட், இப்போதைய அட்டை, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், முகவரிப் பதிவுச் சான்று, மருத்துவக் காப்பீட்டுச் சான்று. இவற்றோடு முதலாளி நிரப்பித் தர வேண்டிய ஒரு படிவமும் உண்டு, வேலை விவரம் பற்றிய அறிவிப்பு. பெரும்பாலும் தாமதம் ஆவது இதில்தான். எச்ஆரிடம் கேட்டால் "அடுத்த வாரம்" என்பார்கள், அது மூன்று வாரம் ஆகும். அதனால் முதல் நாளே இதை அனுப்பிவிட்டு, அப்புறம் மற்றதைத் தேடுங்கள்.

மாணவர்களுக்கு ஒப்பந்தத்துக்குப் பதில் கல்லூரிச் சேர்க்கைச் சான்று, மதிப்பெண் பட்டியல், கையிருப்புப் பணத்துக்கான ஆதாரம். 2024 செப்டம்பரில் மாதம் 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ என்று அந்தத் தொகை உயர்ந்தது. விண்ணப்பிக்கும் நேரத்தில் உங்கள் ஊர் அலுவலகத்தின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோவில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 மே 1 முதல் டிஜிட்டல் படம்தான். பதிவு பெற்ற ஸ்டுடியோவில் எடுத்தால் ஒரு குறியீடு அச்சிட்ட தாளைத் தருவார்கள், அதைக் காட்டினால் அலுவலகம் படத்தை எடுத்துக்கொள்ளும். கருவி இருக்கும் அலுவலகங்களில் 6 யூரோ கொடுத்து அங்கேயே எடுக்கலாம்.

புளூ கார்டு (தகுதி பெற்ற நிபுணர்களுக்கான குடியிருப்பு அனுமதி) வைத்திருப்பவர்கள் புதுப்பிப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். பி1 ஜெர்மன் (இடைநிலை மொழித் தேர்ச்சி) இருந்தால் 21 மாத வேலைக்குப் பிறகும், ஏ1 (தொடக்க நிலை) என்றால் 27 மாதத்துக்குப் பிறகும் நிரந்தரக் குடியிருப்பு அட்டையே கேட்கலாம். ஓய்வூதியப் பங்களிப்பு அந்த மாதங்களில் கட்டப்பட்டிருக்க வேண்டும். தகுதி வந்துவிட்டது தெரியாமலே திரும்பவும் புதுப்பித்துக்கொண்டு இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு.

மூன்றாம் படி: விண்ணப்பத்தைச் சேர்த்து, சேர்த்ததற்குச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்

உங்கள் முகவரி எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊரின் வெளிநாட்டவர் அலுவலகம்தான், அவுஸ்லெண்டர்பெஹோர்டே என்று இங்கே சொல்வது. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வழக்கம். சில ஊர்களில் முழுதும் ஆன்லைன், சில ஊர்களில் தபால். டெர்மின் கிடைத்தால்தான் விண்ணப்பம் என்று நினைத்துக் காத்திருப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு. டெர்மின் பதிவு செய்ததை மட்டுமே விண்ணப்பமாக நம்பாதீர்கள். ஆன்லைன் படிவம் இருந்தால் அதை நிரப்புங்கள். இல்லையென்றால் ஒரு கடிதம் போதும்: பெயர், பிறந்த தேதி, அட்டை எண், முடியும் தேதி, 'என் அனுமதியை நீட்டிக்க விண்ணப்பிக்கிறேன்' என்ற ஒரு வரி, கையெழுத்து, நகல்கள். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆன்லைன் என்றால் 'பெறப்பட்டது' என்று வரும் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். ஒரு தாள் குறைகிறதா? பரவாயில்லை, அனுப்பிவிடுங்கள். குறையும் தாளைப் பிறகு சேர்க்கலாம், போன தேதியைத் திரும்பப் பெற முடியாது.

தேதி ஏற்கெனவே முடிந்திருந்தால் அன்றைக்கே விண்ணப்பித்து, தாமதத்தின் காரணத்தை உண்மையாக எழுதுங்கள். தேவையற்ற கஷ்டத்தைத் தவிர்க்க, அனுமதி தொடரும் என்று உத்தரவிட அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது அவர்கள் முடிவு. அதுவரை வேலைக்குப் போகலாமா என்பதை முதலாளியிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள். அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்.

நான்காம் படி: இடைக்காலச் சான்று

புது அட்டை வருவதற்குள் பழையது முடிந்துவிடும் என்று தெரிந்தால் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற சான்றைக் கேளுங்கள். 13 யூரோ. மடித்த தாள்தான், ஆனால் அதை வாங்கியவுடன் அங்கேயே நின்று பிரித்துப் பாருங்கள். உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவதில், அதாவது 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்று எழுதிய கட்டத்தில், குறி இருந்தால் பழைய அட்டை, பாஸ்போர்ட்டோடு நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வரலாம். முதல் கட்டத்தில் குறி இருந்தால் இங்கே தங்கலாம், வெளியே போனால் அதைக் காட்டித் திரும்பி உள்ளே வர முடியாது.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு இந்தச் சான்றுதான் கையில் இருந்தது. சென்னையில் திரும்பி வரும்போது செக்-இன் கவுண்டரில் இருந்தவருக்கு அந்தத் தாள் என்னவென்றே தெரியவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டு, மூன்றாவது கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டி விளக்க நாற்பது நிமிடம் ஆனது. அதனால் இந்தச் சான்றோடு பறப்பவர்கள் விமான நிலையத்துக்கு நேரமே போங்கள், பழைய அட்டையைக் கண்டிப்பாக எடுத்துப் போங்கள்.

ஐந்தாம் படி: டெர்மின், கைரேகை, அட்டை

டெர்மின் அன்று மூலத் தாள்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். கைரேகை எடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீட்டிக்க 93 யூரோ கட்டணம். சில இடங்களில் வங்கி அட்டை மட்டும்தான் வாங்குவார்கள். அட்டையை பெர்லினில் உள்ள அரசு அச்சகம் தயாரிக்கிறது, அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்கிடையில் வீடு மாறினால் உடனே சொல்லுங்கள். வேறு ஊருக்கே போனால் உங்கள் கோப்பும் ஊர் மாறும், தாமதமும் கூடும்.

அட்டையை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் மூன்றைப் பாருங்கள்: முடியும் தேதி, வேலை பற்றிய குறிப்பு, பெயர். நம் பெயர்களில் இது முக்கியம். அப்பா பெயர் குடும்பப் பெயராக ஒரு இடத்தில், இனிஷியலாக இன்னொரு இடத்தில் என்று மாறி மாறி இருக்கும். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே சொல்லுங்கள்.