சியாட்டில் உணவகங்களில் வேலைகள் குறைந்தனவா: ஒரு கூற்றைச் சரிபார்க்கும் முறை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகரம் 2014 ஜூனில் இயற்றிய சட்டத்தின்படி, 2015 ஏப்ரல் 1 அன்று பெரிய நிறுவனங்களின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11 டாலர் ஆனது. அதன்பின், உணவக வேலைகள் அழிந்துவிட்டன என்று ஒரு தரப்பும், பெருகின என்று மறுதரப்பும் அரசுப் புள்ளிவிவரங்களைக் கொண்டே வாதிட்டன. இத்தகைய எண் ஒன்றைக் காணும்போது, அது எந்த நிலப்பரப்பைக் குறிக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். சியாட்டில்-டகோமா-பெல்வியூ பெருநகரப் பகுதியில் கிங், பியர்ஸ், ஸ்னோஹோமிஷ் ஆகிய மூன்று கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) அடங்கும். சட்டமோ நகர எல்லைக்குள் மட்டுமே செல்லும். அந்த எல்லைக்கு வெளியே டகோமாவில் மூடப்பட்ட உணவகத்தைச் சியாட்டில் சட்டத்தின் விளைவாகக் காட்டுவது கணக்கல்ல.

அடுத்து, எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் மாதந்தோறும் வெளியிடும் வேலைவாய்ப்பு எண், நிறுவனங்களின் மாதிரியை வைத்துச் செய்யப்படும் மதிப்பீடு. அதே பணியகத்தின் காலாண்டுக் கணக்கெடுப்போ, வேலையிழப்புக் காப்பீட்டுக்காக முதலாளிகள் தாக்கல் செய்யும் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டு, நாட்டின் வேலைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் உள்ளடக்குகிறது. மாதாந்திர மதிப்பீடு ஆண்டுதோறும் பெரும்பாலும் இந்தக் கணக்கெடுப்பைக் கொண்டே திருத்தப்படுவதால், சூடாக வெளிவந்த மாத எண்ணை மட்டும் நம்பி எழுதப்பட்ட கூற்று பின்னர் பொய்த்துப்போகக்கூடும். காலாண்டுக் கணக்கெடுப்பு தாமதமாகவே வந்தாலும் கவுண்டி வரை இறங்கிப் பார்க்க இடம் தருவதால், பொறுத்திருந்து அதைப் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதில் சியாட்டில் அமைந்துள்ள கிங் கவுண்டியைத் தேர்ந்து, மேசையில் பரிமாறும் உணவகங்களுக்கு 722511, முதலில் பணம் செலுத்தி உணவை வாங்கிக்கொள்ளும் உணவகங்களுக்கு 722513 என்ற தொழில்வகை எண்களைத் தனித்தனியே தேடுங்கள்.

காலாண்டுக் கணக்கெடுப்பின் எண்கள் பருவகால ஏற்ற இறக்கத்துக்காகச் சரிசெய்யப்பட்டவை அல்ல. கோடையில் சுற்றுலாவால் கூடும் வேலைகள் குளிர்காலத்தில் குறைவது இயல்பு. ஆகவே செப்டம்பரை ஜனவரியோடு ஒப்பிட்டு 'வேலை இழப்பு' என்பவரை நம்பாமல், ஜனவரியை முந்தைய ஆண்டின் ஜனவரியோடு ஒப்பிடுங்கள். சட்டத்துக்கு முந்தைய சில ஆண்டுகளின் போக்கையும், ஊதியம் உயராத பிற கவுண்டிகளையும் அருகில் வைத்துப் பாருங்கள்; ஒரு மாதச் சரிவைக் காரணத்தோடு முடிச்சுப்போட அந்த ஒரு மாதம் போதாது.

இவ்வளவு செய்தபின்னும், இந்த எண்கள் வேலைகளை எண்ணுகின்றனவே தவிர ஆட்களையோ நேரத்தையோ எண்ணுவதில்லை என்பதை மறக்கலாகாது. இரு உணவகங்களில் வேலை பார்ப்பவர் இருமுறை எண்ணப்படுவார். வாரத்துக்கு 40 மணி நேரத்திலிருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டவரின் இழப்பு எண்ணிக்கையில் தெரியவே தெரியாது. வாஷிங்டன் மாநிலம் வேலை நேரத்தையும் பதிவு செய்வதால், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வேலை நேரம் குறைந்ததா என்ற கேள்வியை ஆராய முடிந்தது. ஆனால் பல கிளைகள் கொண்ட நிறுவனங்களின் வேலைகள் நகருக்குள் உள்ளனவா வெளியே உள்ளனவா என்று பிரிக்க முடியாமல் அவற்றை விட்டுவிட நேர்ந்தது. எனவே அந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவரிடமும், சங்கிலி உணவகங்கள் கணக்கில் உள்ளனவா என்று கேளுங்கள்.