அந்த வரியை அவர் நிஜமாகவே சொன்னாரா? பகிரும் முன் பார்ப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கோயில் மாதர் குழு, பள்ளிப் பெற்றோர் குழு என்று எந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தாலும் இப்படி ஒரு படம் அடிக்கடி வந்துவிடும். கோட்டு போட்ட அரசியல் விமர்சகர் ஒருவரின் முகம், பக்கத்தில் பெண்கள் வீட்டோடு இருந்தால்தான் நாடு உருப்படும் என்கிற மாதிரி ஒரு வரி, கீழே பெயர். விடியுமுன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன அம்மாக்களின் பிள்ளைகள் இருக்கிற குழு, கொதிக்காமல் என்ன செய்யும்?

கொதிக்கலாம், தப்பில்லை. அதை அடுத்த குழுவுக்குத் தள்ளும் முன் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் படத்தில் பேட்டியா, மேடைப் பேச்சா, கட்டுரையா, எந்த ஆண்டு என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பெயர் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பல கை மாறி வந்ததைக் காட்டும் இரட்டை அம்புக்குறி இருந்தால், அனுப்பிய அக்காவிடம் கேட்டும் பயனில்லை, இன்னொரு குழுவில் வந்தது என்பார்.

அப்புறம் தேடல். ஆள் அமெரிக்கர் என்றால் தமிழ் வரியை வைத்துத் தேடாதீர்கள். ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களை மட்டும் எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, பெயரோடு சேர்த்துக் கூகுளில் தேடுங்கள். முழு வரியையும் போட்டால் ஒரு சொல் மாறியிருந்தாலும் சிக்காது. பொன்மொழித் தளங்களைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை அவை, நூறு தளத்தில் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான். தேதியைக் குறுக்கிக்கொண்டே பழைய பக்கங்களுக்குப் போங்கள், முதன்முதலில் எங்கே வந்தது என்பதுதான் நமக்கு வேண்டும்.

பாட் ராபர்ட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர், தன் நிகழ்ச்சியில் அரசியலும் பேசியவர், 1988-இல் அதிபர் வேட்பாளராக நிற்கவும் முயன்றவர். பெண்ணியம் பெண்களைக் கணவனை விட்டுப் போகவும், பிள்ளைகளைக் கொல்லவும், சூனியம் வைக்கவும் தூண்டுகிறது என்று அவர் சொன்னதாக ஒரு வரி பல வருடமாகச் சுற்றுகிறது. படித்தவுடன் யாரோ கேலிக்குக் கட்டிவிட்டது என்றுதான் தோன்றும், ஆனால் நிஜம்தான்: 1992-இல் அயோவா மாநிலத்தின் சம உரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து, நன்கொடை கேட்டு அவர் பெயரில் போன கடிதத்தில் இருக்கிறது. அப்படியானால் படம் சரியா? பாதி சரி. அதே ஆண்டு குடியரசுக் கட்சி மாநாட்டில் பேசியதாக நிறையப் பேர் போடுகிறார்கள், அந்த உரையில் இந்த வரி கிடையாது. நாடே பார்க்கிற மேடையில் பேசுவதும் ஆதரவாளர்களிடம் காசு கேட்டு எழுதுவதும் ஒன்றா? எனக்கு இந்த வித்தியாசம் முக்கியம், எதிராளி உங்களை மடக்குவதும் இங்கேதான்.

ஆளே மாறிப்போவதும் உண்டு. அடக்கமான பெண்கள் அபூர்வமாகத்தான் வரலாறு படைக்கிறார்கள் என்ற வரியை நடிகை மர்லின் மன்றோ படத்தோடு பார்த்திருப்பீர்கள். எழுதியவர் லாரல் தாட்சர் உல்ரிச் என்ற வரலாற்று ஆசிரியர், 1976-இல், ஓர் ஆய்வுக் கட்டுரையில். அடங்காதே என்று அவர் சொல்லவில்லை, அடக்கமாக வாழ்ந்த பெண்களை வரலாறு கண்டுகொள்ளவில்லையே என்பதுதான் அவர் ஆதங்கம்.

காணொளித் துண்டு வந்தால் முழுக் காணொளியைத் தேடி, அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் கேளுங்கள். சில நேரம் பேசுபவர் எதிர்த்தரப்பு சொன்னதை எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பார், துண்டில் அது தெரியாது. அழித்த பதிவு என்றால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு நகல் இருக்கலாம்.

நம் ஊர் எம்பி பேசியதா? நாடாளுமன்றத் தளத்தில் ஹன்சார்ட், அதாவது அவையில் பேசியதன் பதிவு, இருக்கிறது, மலாய்ச் சொல்லை வைத்துத் தேடுங்கள். பொய்ச் செய்திகளைச் சரிபார்த்து மறுப்புப் போடும் செபெனார்ஞா தளத்தையும், பெர்னாமா செய்தி நிறுவனத்தின் மைசெக்கையும் ஒரு பார்வை பாருங்கள், ஆனால் அங்கே மறுப்பு இல்லை என்பதால் மட்டும் செய்தி உண்மையாகிவிடாது.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் பொய் என்று அறிவிக்காதீர்கள், ஆதாரம் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். அனுப்பியவர் வயதில் மூத்தவரா, குழுவில் போட்டு உடைக்க வேண்டாம், தனியே அனுப்புங்கள்: "மாமா, காலையில போட்ட படத்தை எங்கே எடுத்தீங்க? தேடிப் பார்த்தேன், அவர் சொன்னதா எங்கேயும் கிடைக்கல."